சிதம்பரம் முதல் கோடியக்கரை வரை: முதல்முறை வருபவர்களுக்கு ஒரு கடலோர வழிகாட்டி

காவிரி கடலில் கலக்கிற இந்தப் பக்கத்தில் மலை கிடையாது, அருவி கிடையாது. அதனாலேயே பலரும் தஞ்சாவூர் பார்த்த கையோடு ஒருநாள் வேளாங்கண்ணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அப்படி எட்டிப் பார்த்தால் கிடைப்பது உச்சி வெயிலும் பூட்டிய கதவும்தான். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, தரங்கம்பாடிக் கோட்டை, நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா கோயில், கோடியக்கரை வெளிமான்கள் எல்லாமே வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 150 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கிழமை, ஒரு நேரம், ஒரு பருவம் இருக்கிறது. அலைச்சல் எல்லாம் அங்கேதான் வருகிறது. அலைந்து தெரிந்துகொண்டதை, நீங்கள் அலையாமல் இருப்பதற்காக, வரிசையாக எழுதுகிறேன். தலவரலாறு வேண்டுமென்றால் ஊருக்கு ஊர் புத்தகம் விற்கிறார்கள். இங்கே அது இல்லை.

1. டிக்கெட் போடுவதற்கு முன் நாள்காட்டியை எடுங்கள்

போனில் இருக்கும் நாள்காட்டி போதாது. அமாவாசை, பௌர்ணமி, முகூர்த்த நாள் போட்ட தினசரிக் காலண்டர் வேண்டும்.

முதலில் பருவம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. இந்தக் கரைக்குப் புயல் வருகிற காலமும் அதுதான். 2018-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது நவம்பர் 16 அன்று. அந்த மாதங்களில் வந்தால் படகு ஓடாது, கோடியக்கரைக் காட்டுப்பாதை சேறாகிவிடும், போட்ட திட்டம் ஒன்றும் நடக்காது. ஏப்ரல், மே, ஜூனில் வெயில் தாங்காது. போதாக்குறைக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். மீன் சாப்பிடவே வருகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. கிடைக்கிற மீனுக்கு விலை அதிகம், வகையும் குறைவு. என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரிதான். மழை விட்டிருக்கும், வயல் பச்சையாக இருக்கும், வலசைப் பறவைகள் கிளம்பியிருக்காது.

ஆனால் அந்த இரண்டு மாதத்துக்குள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது: தை அமாவாசை. அன்று பூம்புகாரிலும் வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் கடலாடவும் திதி கொடுக்கவும் கூட்டம் குவியும். பேருந்தில் நிற்க இடம் இருக்காது. ஆடி அமாவாசையும் அப்படித்தான். காணும் பொங்கலன்று கடற்கரை எதையும் நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது கிழமை. இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை: தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகம் விடுமுறை. 
சனிக்கிழமை: திருநள்ளாற்றில் சனீஸ்வரர் கூட்டம், காரைக்கால் பக்கச் சாலைகள் நெரியும். 
ஞாயிறு: வேளாங்கண்ணியிலும் பிச்சாவரத்திலும் வரிசை. 
வியாழன் மாலை: நாகூர் தர்காவில் கூட்டம் அதிகம். அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே வருகிறவர்களும் உண்டு, அது வேறு விஷயம்.

ஆக, திங்களன்று சிதம்பரத்தில் தொடங்கி வியாழன் காலை கோடியக்கரையில் முடித்தால் இது எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்கலாம். வாரநாளில் வருவதில் இன்னொரு வசதி, வனத்துறை அலுவலகம் திறந்திருக்கும், போன் எடுக்க ஆள் இருக்கும்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 நிறைவு. அந்த நாட்களில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. காவி உடுத்து நடந்து வருபவர்களால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியும் மெதுவாகத்தான் போகும். நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி ஹிஜ்ரி மாதக் கணக்குப்படி வருவதால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். போன வருடத் தேதியை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

2. தங்க இரண்டு ஊர் போதும்

ஒரே ஊரில் தங்கி எல்லாம் பார்க்க நினைத்தால் பாதி நாள் வண்டியில் போய்விடும். ஊருக்கு ஊர் அறை மாற்றினால் பெட்டி கட்டியே ஓய்ந்துபோவீர்கள். வடக்குப் பாதிக்குச் சிதம்பரம் அல்லது மயிலாடுதுறை, தெற்குப் பாதிக்கு நாகப்பட்டினம் அல்லது வேளாங்கண்ணி. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு வேளாங்கண்ணி வசதி. அறைகள் எக்கச்சக்கம், சாப்பாட்டுக் கடை ராத்திரி வரை திறந்திருக்கும். அமைதி வேண்டுமென்றால் நாகப்பட்டினம். தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தபடி தங்கலாம், ஆனால் விடுதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விலை கூடுதல், முன்பதிவு கட்டாயம்.

அறை எடுக்கும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? சென்னையிலிருந்து வரும் இரவு ரயில்களில் சில, விடிவதற்கு வெகுமுன்பே சிதம்பரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். 12 மணிக் கணக்கு விடுதியென்றால் அந்த நேரத்துக்கு உள்ளே போகவே ஒருநாள் வாடகை தனியாகக் கேட்பார்கள். கோயில் ஊர் லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு இன்னும் உண்டு, தேடினால் கிடைக்கும்.

3. வந்து சேர்வது

சென்னை எழும்பூரிலிருந்து சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகப் போகும் பழைய மெயின் லைன் ரயில்தான் நல்ல வழி. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும்; பொங்கல், பள்ளி விடுமுறை என்றால் அன்றே போட்டுவிடுங்கள். தட்கல் என்றால் முந்தைய நாள் காலை ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி. இணையத்தில் தட்கல் போட இப்போது ஆதார் சரிபார்ப்பு வேண்டும். அதை முதல்நாளே முடித்துவையுங்கள், பத்து மணிக்கு ஓடிபி வருமா என்று காத்திருக்காதீர்கள்.

நாகப்பட்டினம், நாகூர், வேளாங்கண்ணி மூன்றுக்கும் ரயில் நிலையம் உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-இல் மறுபடி ரயில் விட்டார்கள். வண்டிகள் குறைவு என்பதால் அதை நம்பி ஊர் திரும்பும் டிக்கெட்டைக் கோக்க வேண்டாம்.

இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்குக் காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்துவார்கள், கடல் பொங்கினால் சட்டென்று ரத்தும் ஆகும். கடவுச்சீட்டு, விசா இரண்டும் வேண்டும். நீங்கள் எடுக்கும் விசா நாகப்பட்டினத் துறைமுகம் வழியாக நுழையச் செல்லுமா என்று கப்பல்காரர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள். திரும்பும் தேதிக்கும் விமானத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

4. வண்டி பேசும்போது

வாடகைக் கார்க்காரர்கள் வெளியூர்ப் பயணத்துக்கு வழக்கமாக நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். இந்தக் கரையில் நீங்கள் ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. ஓடாத தூரத்துக்கெல்லாம் காசு கொடுப்பது எதற்கு? உள்ளூர் வண்டி பிடித்து, ‘நாள் வாடகை, டீசல் தனி’ என்று பேசுங்கள். ஓட்டுநர் பேட்டா, சுங்கம், நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்த்தா, தனியா என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு கடைசி நாளில் மாறும்.

வாடகை வண்டி என்றால் காரைக்காலுக்குள் நுழைய பெர்மிட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். கடற்கரைச் சாலை அதன் ஊடாகத்தான் போகிறது. அகில இந்திய பெர்மிட் உள்ள வண்டிக்குப் பிரச்சினை இல்லை. இல்லாத வண்டி எல்லையில் கட்டும் பணம் கடைசியில் உங்கள் கணக்கில்தான் வந்து விழும். சொந்தக் காருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பேருந்திலும் தாராளமாகச் சுற்றலாம். தமிழ்நாட்டு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சிற்றூர்களுக்குப் போவதெல்லாம் பெரும்பாலும் அந்த வண்டிகள்தான். தரங்கம்பாடிக்குப் பேருந்து தேடும்போது ‘பொறையாறு’ என்று கேளுங்கள், வண்டி அதிகம் கிடைக்கும். இரண்டும் ஒட்டிய ஊர்கள். விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை துண்டுதுண்டாகத்தான் திறந்தது, ஆகவே மேப் காட்டும் நேரத்தோடு இன்னொரு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

அறையில் தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வேண்டும். குடும்பத்தில் ஒருவர் காட்டினால் போதும் என்ற காலம் போய்விட்டது. ஆதார் நகல் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரை ஆணையத் தளத்திலிருந்து இறக்கி இரண்டு மூன்று பிரதி எடுத்து வையுங்கள். ஓட்டுநர் உரிமமும் செல்லும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள், சிங்கப்பூர், மலேசியா, கனடாத் தமிழர்கள் எல்லோரும் சேர்த்துதான், இதைக் கவனியுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவுக் கணக்கே இல்லாத சிறு லாட்ஜுகள் பல. முன்பதிவுச் செயலி பணம் வாங்கிக்கொள்ளும். வாசலில் போய் நின்றால் “ஃபாரின் பாஸ்போர்ட் எடுக்கிறதில்லைங்க” என்று சொல்லிவிடுவார்கள். பேசுவது தமிழாக இருந்தாலும் கடவுச்சீட்டு எந்த நாடு என்பதுதான் கணக்கு. பணம் கட்டும் முன் விடுதிக்கே போன் போட்டுக் கேளுங்கள். கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா இரண்டுக்கும் நகல் வையுங்கள்.

டிரோன் கொண்டுவராதீர்கள். சரணாலயத்தில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது, கடலோரமும் கண்காணிப்பில் இருக்கும் பகுதி.

பணம்: பெரிய ஊர்களில் எல்லா இடத்திலும் யுபிஐ ஓடுகிறது. கோடியக்கரைக்குப் போகும் முன் வேதாரண்யத்தில் சில்லறையாக ரொக்கம் எடுத்துவிடுங்கள். நுழைவுச்சீட்டுகளெல்லாம் சின்னத் தொகை. செலவு முழுக்க அறையிலும் வண்டியிலும்தான். இருவருக்கான சுமாரான ஏசி அறைக்கு விழா இல்லாத வாரநாளில் 1,500 முதல் 2,500 ரூபாய் என்று நினைத்து வாருங்கள், வரி சேர்த்தா என்று கேளுங்கள்.

6. சிதம்பரமும் பிச்சாவரமும்

காலையில் காடு, மாலையில் கோயில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நடராசர் கோயில் நடை மதியம் 12 மணிவாக்கில் சாத்தி மாலையில்தான் திறக்கும். மற்ற பெரிய கோயில்களைப் போல இது அறநிலையத்துறை நிர்வாகத்தில் இல்லை, பொது தீட்சிதர்கள் நிர்வாகம். ஆகவே அர்ச்சனை, பூஜை எதுவானாலும் எவ்வளவு என்று முதலில் பேசிக்கொண்டு செய்யுங்கள். நடராசர் சன்னதிக்கு முன்னுள்ள மேடையான கனகசபை ஏற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்.

பிச்சாவரம் சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர் போல; கிள்ளை வழியாகப் பேருந்து உண்டு. படகுக் கட்டணம் ஆளுக்கு இல்லை, படகுக்கு. இரண்டு பேராகப் போனால் வரிசையில் நிற்கும் இன்னொரு ஜோடியோடு சேர்ந்துகொள்ளுங்கள், செலவு பாதியாகும். மோட்டார் படகில் ஏறாதீர்கள். அது அகலமான நீர்ப்பரப்பில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் வேர்கள் இருபக்கமும் தொங்கும் குறுகலான கால்வாய்க்குள் நுழையும். பிச்சாவரத்துக்கு வருவதே அந்தக் கால்வாய்க்காகத்தான். சீட்டில் எத்தனை மணி நேரம், எதுவரை போகலாம் என்பதை ஏறும் முன் கவுண்டரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் நடுத்தண்ணீரில் பேரம் பேச வேண்டியிருக்காது. எட்டு, ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் தண்ணீரின் எதிரொளியே கண்ணைக் கூசவைக்கும். தொப்பி, தண்ணீர் அவசியம்.

சிதம்பரத்தில் சம்பா சாதமும் கொத்சும் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள்.

7. பூம்புகார், தரங்கம்பாடி

வழியில் வைத்தீஸ்வரன்கோயில். அங்கே நாடி ஜோசியம் என்று ரயிலடியிலிருந்தே ஆட்கள் கூப்பிடுவார்கள். கைரேகைக்குச் சின்னத் தொகைதான் சொல்வார்கள். அடுத்தடுத்த காண்டம் (ஓலையின் பகுதி), பரிகாரம் என்று போகும்போது ஆயிரங்களில் நிற்கும். நம்பிக்கை உங்கள் விருப்பம். மொத்தம் எவ்வளவு என்று உட்காரும் முன் கேட்பது உங்கள் உரிமை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் ஓயாமல் நடக்கும். முகூர்த்த நாளில் அந்த ஊர்ச் சாலையைக் கடக்கவே நேரம் பிடிக்கும், மயிலாடுதுறை அறைகளும் நிரம்பிவிடும். தினசரிக் காலண்டர் வேண்டும் என்றது இதற்காகவும்தான்.

பூம்புகாரில் கடலையும் காவிரி முகத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். அங்குள்ள சிலப்பதிகாரக் கலைக்கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு நேரம் ஒதுக்குங்கள். என் கணக்கில் தரங்கம்பாடிக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். கோட்டை காலை பத்து மணிவாக்கில் திறந்து மாலை ஐந்து, ஐந்தரைக்குள் மூடிவிடும். அதை மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடித்து வெளியே வந்தால் வெயில் தாழ்ந்திருக்கும். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், கடலரிப்பில் பாதி போய் மிஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், ராஜவீதி எல்லாம் நடந்தே பார்க்கலாம். ஒரு விவரம்: தரங்கம்பாடியும் பூம்புகாரும் 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். பழைய கையேடுகளில் உள்ள நாகப்பட்டினம் மாவட்ட எண்களுக்குக் கூப்பிட்டுப் பயனில்லை.

இந்தக் கரை முழுக்கக் கடல் குளிக்கத் தோதானதல்ல. அலை காலடி மணலையே இழுத்துக்கொண்டு போகும், கரையோரக் கருங்கற்கள் வழுக்கும். காலை நனைப்பதோடு நிறுத்துங்கள்.

8. காரைக்கால் எல்லை

தமிழ்நாட்டை விடச் சரக்கு விலை குறைவு என்பதால் பலர் இங்கே நிறுத்துவார்கள். உள்ளே குடிப்பது உங்கள் பாடு. பாட்டிலோடு வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் வழக்கு, வண்டியும் பறிமுதல். “ஒன்றுதானே” என்பதெல்லாம் சோதனைச்சாவடியில் எடுபடாது. வாடகை வண்டி ஓட்டுநரிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.

9. நாகூர், வேளாங்கண்ணி

நாகூர் தர்காவுக்கு எந்த மதத்தவரும் போகலாம். தலையை மூடக் கைக்குட்டையோ துப்பட்டாவோ கொண்டுபோங்கள், வாசலில் வாங்க வேண்டியிருக்காது. காணிக்கையை உண்டியலில் போடுவதே நல்லது. மாலையில் தர்காவைச் சுற்றிய தெருக்களில் இறால் பதித்த ‘வாடா’ என்ற பலகாரம் கிடைக்கும், சூடாக வாங்குங்கள்.

வேளாங்கண்ணியில் பேராலயத்தின் விடுதிகளே பல இருக்கின்றன. முதலில் அவற்றைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் தனியார் விடுதி. பேருந்து நிலையத்தில் பையைப் பிடிக்கும் தரகர் வழியாகப் போனால் அவர் பங்கு வாடகையில் ஏறும். கடற்கரை வறுத்த மீன் கடைகளில் துண்டுக்கா, எடைக்கா என்று கேட்டுவிட்டு எண்ணெயில் போடச் சொல்லுங்கள்.

10. கோடியக்கரை

இதற்குத்தான் முன்னேற்பாடு அதிகம் வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம், அங்கிருந்து கோடியக்காடு தாண்டிக் கோடியக்கரை. விடியலில் சரணாலய வாசலில் நிற்க வேண்டுமென்றால் நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும், அல்லது முதல்நாள் இரவே வேதாரண்யத்தில் தங்க வேண்டும். வனத்துறையின் பூநாரை இல்லத்தில் அறை கிடைத்தால் அதைவிட வசதி இல்லை. அதற்கு நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நேரே போய் நின்று கேட்டால் பெரும்பாலும் நடக்காது. அடையாள அட்டை நகல், வருபவர்கள் பெயர்ப் பட்டியல், வண்டி எண் இவற்றைச் சேர்த்தே அனுப்புங்கள், கேட்டு மறுபடி எழுத வேண்டியிருக்காது.

வாசலில் ஆளுக்கு, வண்டிக்கு, கேமராவுக்குத் தனித்தனியாகச் சீட்டு. வெளிமான்கள் புல்வெளியில் காலை ஆறு முதல் எட்டரை வரையிலும், அப்புறம் மாலை நான்குக்கு மேலும்தான் நன்றாகத் தெரியும். நடுப்பகலில் வந்தவர்கள் “மானே இல்லை” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வண்டியை விட்டு இறங்கி விரட்டிப் படம் எடுக்காதீர்கள். புள்ளிமான், நரி, காட்டில் திரியும் மட்டக்குதிரைகளையும் பார்க்கலாம். ராமர் பாதம் மேட்டில் குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும்.

பூநாரைகள் காட்டுக்குள் இல்லை. அவை சதுப்பு நிலத்து ஆழமற்ற உப்புநீரில் நிற்கும். அந்தப் பக்கம் உப்பளங்களும் தனியார் குத்தகை நிலமும் இருப்பதால் எந்தப் பாதையில் போகலாம் என்று வனக்காவலரிடம் கேளுங்கள். முடிந்தால் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நீர்மட்டத்தைப் பொறுத்து பறவைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், இன்று எங்கே நிற்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும். நவம்பர் முதல் ஜனவரி வரை எண்ணிக்கை அதிகம், ஆனால் டிசம்பர் நடு வரை மழையும் இருக்கும். தொலைநோக்கி இல்லாவிட்டால் வெள்ளைக் கோடுதான் தெரியும்.

அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் திரும்பும் வழியில் பார்க்கலாம். மழைக்காலத்தில் பாத்திகளில் தண்ணீர்தான் நிற்கும். பிப்ரவரிக்கு மேல் வந்தால் உப்பு வாருவதைப் பார்க்கலாம். பேருந்தில் வந்தவர்கள் கோடியக்கரையில் இறங்கியதுமே திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டு வையுங்கள். அதை விட்டுவிட்டால் வேதாரண்யம் வரை ஆட்டோதான், இருட்டியபின் அதற்கும் ஆள் தேட வேண்டும்.